ஒரு கிலோ சாயத்துக்கு நூற்றைம்பது கிலோ கரி

திருத்தணியிலிருந்து நகரிக்குப் பேருந்தில் போனால் கொஞ்ச நேரத்தில் மாநிலம் மாறிவிடும். எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அங்கே விசைத்தறிகளும் நூலுக்குச் சாயமேற்றும் பட்டறைகளும் உண்டு. நகரியாறு கொசஸ்தலையாற்றில் சேர்கிறது, கொசஸ்தலையாறு பூண்டி ஏரிக்கு வருகிறது, பூண்டித் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போகிறது. ஆற்றில் சாயநீர் கலக்கிறது என்ற புகார் கரையோரத்தில் பழைய புகார்.

அந்த நிறத்தை எடுக்கும் சரக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கிறது. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை, சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் மாங்கொட்டை, திருத்தணி மலையடிவாரத்தில் கொட்டாங்கச்சி. காற்றுப் புகாமல் சுட்டால் எல்லாமே கரிதான். அந்தக் கரியில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் நீராவியைப் பாய்ச்ச வேண்டும். அல்லது சுடுவதற்கு முன்பே கழிவைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கரிக்குள் திறந்துகொள்ளும். கடைக்காரர் 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்று விற்பது இதைத்தான். அதில் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்!

சாயம் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் அல்ல, சுவரில் ஒட்டடை படிவதுபோல. பாடநூல் இதைப் 'பரப்புக் கவர்தல்' என்கிறது.

எந்தக் கரியும் எந்த அழுக்கையும் பிடித்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கொட்டாங்கச்சிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரின், துர்நாற்றம் தரும் சின்ன மூலக்கூறுகள் இவற்றுக்கு அது கச்சிதம். கல்போல் கெட்டியாகவும் இருப்பதால், தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சாயத்துக்கோ அந்த வாசல் போதாது. காங்கோ ரெட் என்ற சாயத்தின் மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 697; தண்ணீருக்கு வெறும் 18. அவ்வளவு பெரிய ஆள் நுழைய அகலமான துளை வேண்டும். மரத்தூள், கரும்புச் சக்கை போன்ற நார்ப்பொருளை அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டால் அப்படிப்பட்ட துளைகள் கூடுதலாகக் கிடைக்கும். சாயநீரைப் பொறுத்தவரை உசத்தியான கொட்டாங்கச்சியைவிட மட்டமான சக்கைக்கே வாய்ப்பு அதிகம்.

கோவைக்காரர்கள் இதில் முன்னோடிகள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் சி. நமசிவாயம் குழு, தேங்காய் நார்க் கழிவைக் கரியாக்கிக் காங்கோ ரெட்டை அகற்றிய ஆய்வை 2002இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு கோவைக் குழு இலவங்காய் ஓடு, தென்னை மரத்தூள், ஜவ்வரிசி ஆலைக் கழிவு, மக்காச்சோளத் தக்கை, வாழைத்தண்டு என்று வரிசையாகச் சுட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகு நாட்டில் சுடாத தோலும் இல்லை, கொட்டையும் இல்லை. மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு இது அட்சயபாத்திரம்.

2002 ஆய்வின் ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் நார்க்கழிவுக் கரி பிடித்த சாயம் 6.7 மில்லிகிராம். அப்படியானால் ஒரு கிலோ சாயத்துக்கு ஏறக்குறைய 150 கிலோ கரி. நன்கு துளை திறந்த கரி இதைவிடப் பல மடங்கு பிடிக்கும், உண்மைதான். ஆனாலும் பிடித்த சாயம் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. ஆற்றில் இருந்தது இப்போது கரியில் இருக்கிறது, அவ்வளவே. குருணைக் கரியென்றால் உலையில் மறுபடி சுட்டுப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எரிந்து போகும். தூள் கரி சேற்றோடு சேறாகிவிடும். அதைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழை வந்து மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கரி சுடுவதும் சுத்தமான தொழில் என்று சொல்ல முடியாது. காங்கேயம் பக்கத்தில் கொட்டாங்கச்சியைக் குழியில் போட்டுச் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அந்தத் தண்ணீர் இறங்கிக் கிணறுகள் கெட்டுவிட்டன என்று விவசாயிகள் போராடினார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யப்போகும் கரி, பிறக்கும்போதே ஒரு கிணற்றைக் கெடுத்தால் யாருக்கு லாபம்? கரும்புச் சக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆலைக்காரருக்கு அது கழிவே அல்ல, கொதிகலனுக்குப் போடும் எரிபொருள். உண்மையிலேயே கேட்பாரற்றுக் கிடப்பது மாங்கொட்டைதான்; அதுவும் கோடையில் சில மாதங்களுக்கு மட்டும்.

இன்னொன்று உப்பு. சாயப்பட்டறையில் நூலில் சாயம் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள். கரி அந்த உப்பைத் தொடாது. கரியில் வடித்த சாயநீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பயிருக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். திருப்பூரில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனதில், நிறத்துக்கு இருந்த பங்கு உப்புக்கும் இருந்தது. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. கரி அந்த வரிசையில் ஒரு கண்ணி.

இனி ஒரு புதுக் கழிவைக் கரியாக்கிக் கட்டுரை எழுதுகிறவர்கள், எத்தனை சதவீத நிறம் போயிற்று என்பதோடு, தீர்ந்த கரியை என்ன செய்தோம் என்றும் ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கம் இல்லாத ஆய்வை நான் பாதி ஆய்வு என்றே கொள்வேன்.

நம் வீட்டுக் கணக்கும் அதேதான். சமையலறைச் சுவரில் மாட்டிய வடிகட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் கொட்டாங்கச்சிக் கரி. அதன் துளைகள் நிரம்பிவிட்டால் அழுக்கைப் பிடிக்காது; பிடித்துவைத்த அழுக்கைத் தின்று கிருமிகள் அங்கேயே பெருகும். தண்ணீர் தெளிவாகத்தானே வருகிறது என்று விட்டுவிடாமல், குறித்த காலத்தில் அதை மாற்றிவிடுங்கள்.