துருவ வானில் ஒரு வானொலிச் சோதனை

அலாஸ்காவின் ககோனாவில், 33 ஏக்கர் பரப்பில் 180 ஆண்டெனாக் கம்பங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஹார்ப் ஆய்வு நிலையம் என்று பெயர். எங்கே புயல் வீசினாலும் நிலம் நடுங்கினாலும் சமூக ஊடகங்களில் இதன்மேல் பழி விழும். அங்கே உண்மையில் நடப்பதோ அந்தக் கதைகளைவிடச் சுவையானது.

இந்தக் கம்பங்கள் அதிகபட்சம் 3.6 மெகாவாட் ஆற்றலைச் சிற்றலையாக மேலே அனுப்புகின்றன. மழையும் புயலும் உருவாகும் கீழ்க்காற்று இந்த அலைகளை உறிஞ்சுவதில்லை. அவை அப்படியே கடந்துபோய்விடும். சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே அயனமண்டலம். அங்கே தனித்துத் திரியும் எலக்ட்ரான்களை அலை உலுக்குகிறது. அவை மோதிக்கொண்டு சூடேறுகின்றன. ஒலிபரப்பு நின்றால் அந்தச் சூடும் விரைவில் தணிந்துவிடும்.

இந்த விளைவு முதலில் தெரியவந்தது தற்செயலாகத்தான். 1933இல் டெல்லெகன் என்ற டச்சுப் பொறியாளர், நெதர்லாந்தில் சுவிட்சர்லாந்து நிலையம் ஒன்றைக் கேட்டபோது, வேறு அலைவரிசையில் ஒலிபரப்பாகும் லக்ஸம்பர்க் நிகழ்ச்சியும் அதன்மேல் ஏறி ஒலித்ததைப் பதிவு செய்தார். வலுவான லக்ஸம்பர்க் அலை, வழியில் அயனமண்டலத்தையே மாற்றியிருந்தது.

துருவ ஒளி தோன்றும் பகுதியில் இது இன்னும் வியப்பானது. அங்கே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையாகவே பெரும் மின்னோட்டம் பாய்கிறது. எலக்ட்ரான்கள் சூடேறினால் அந்த அடுக்கின் மின்கடத்தும் திறன் மாறும். ஒலிபரப்பை நொடிக்கு ஆயிரம் முறை ஏற்றி இறக்கினால், மின்னோட்டமும் ஆயிரம் முறை ஏறி இறங்கும்; வானமே ஆண்டெனாவாகி 1000 ஹெர்ட்ஸ் அலையை வெளியிடும். அதன் அலைநீளம் 300 கிலோமீட்டர். அந்த அளவுக்கு நாம் எங்கே கம்பம் நடுவது! இவ்வளவு தாழ்ந்த அலைகள் கடல்நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும். அமெரிக்க ராணுவம் இதில் பணம் போட்டதற்கு நீர்மூழ்கிகளுடன் பேசும் ஆசையும் ஒரு காரணம். ஆனால் கிடைக்கும் சமிக்ஞை மெலிது. இயற்கை மின்னோட்டம் வலுவிழந்த நேரத்தில் அதுவும் கிடைக்காது. கடிவாளம் துருவ ஒளியின் கையில்தான்.

ஒளியும் பிறக்கிறது. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் அணுக்களில் மோதும்போது 557.7 நானோமீட்டரில் பச்சையும் 630 நானோமீட்டரில் சிவப்பும் வெளிப்படும். பெரும்பாலும் நுட்பமான கேமராவுக்கு மட்டுமே தெரியும் ஒளி இது. துருவ ஒளியின் நடுவே, வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பச்சைப் புள்ளிகளை ஹார்ப் உண்டாக்கியதாக 2005இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

2015 முதல் இந்த நிலையம் அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும் என்று, பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாள்களையும் அது நடத்துகிறது.