டிக்கியில் ஒரு 'தொம்'!

கம்பெனி ஸ்டீரியோவில் டிரம்ஸ் 'டப்'போடு நின்றுவிடுகிறது. 'தொம்' வருவதே இல்லை. போனஸ் கையில் கடிக்க, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு வண்டியை விட்டேன்.

"ஸ்டீரியோவ மாத்தவே வேணாம் சார், ஸ்பீக்கர் ஒயர்லேர்ந்தே சிக்னல் எடுத்துடலாம்" என்றான் கடைப் பையன். வாஸ்தவம்தான். ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயர் இருந்தால் போதும். ஆனால் கரன்ட்? 150 வாட்ஸ் என்றால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்குமே! பையனோ ஸ்டீரியோவுக்குப் பின்னாலிருந்த நூல் ஒயரில் முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிட்டான். மூன்றாம் நாள், பிளாஸ்டிக் கருகும் வாசனை. பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேறு கடையில், பேட்டரியிலிருந்தே தனியாகத் தடி ஒயர் இழுத்து, பேட்டரிக்கு ஓரடிக்குள் ஃபியூஸ் மாட்டினார்கள். (நின்று பார்த்துப் போட வையுங்கள் சார்!) ஃபியூஸ் விலை? ரெண்டு காபி, ஒரு போண்டா.

இப்போது 'தொம்' ஜோராக வருகிறது. சிக்னலில் ஆட்டோக்காரர்தான் முறைக்கிறார்.