வாஷிங்டனும் வன்னியனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் யாதென வினவினால், நம் மாணவர் பலர் 1732ஆம் ஆண்டு பெப்ரவரி 22 என உடனே விடை பகர்வர். அவர் எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், தம் தோட்டத்தில் இட்ட பயிர்களின் கணக்கு ஆகிய யாவும் நூல்களாக வெளிவந்துள்ளன. அதே மாணவரிடம், முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன் பிறந்த ஆண்டு யாதெனக் கேட்போமாயின் அவர் திகைத்து நிற்பார். அது அவர் குற்றமன்று. வன்னியின் வரலாறு பெரும்பாலும் வன்னியை வென்றவர்களாலேயே எழுதப்பட்டது. பண்டாரவன்னியன் பிறந்ததை எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. தோற்றதை எழுத வேண்டிய தேவையே இருந்தது.

வாஷிங்டனையும் வன்னியனையும் ஒருங்கே நினைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனினும் இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். ஒரே பேரரசை எதிர்த்து வாளெடுத்தவர்கள். அன்றியும், அமெரிக்காவில் மூண்ட போரின் அலை நம் கரையிலும் வந்து மோதியது. அமெரிக்கருடன் ஒல்லாந்தர் வாணிகம் செய்ததைப் பொறாத பிரித்தானியா, 1780 டிசம்பரில் ஒல்லாந்தர்மீதும் போர் தொடுத்தது. அதன் பயனாக 1782 ஜனவரியில் திருகோணமலை ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே பிரெஞ்சுக்காரர் அதனைப் பறித்துக்கொண்டனர். 1781 ஒக்டோபரில் யோர்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கோண்வாலிஸ் பிரபுவே, 1786இல் இந்தியாவின் மகாதேசாதிபதியாக வந்து திப்பு சுல்தானுடன் பொருதார். உலகம் அன்றே அவ்வளவு சிறியதாகிவிட்டது!

அதே 1782இல்தான் ஒல்லாந்தரும் வன்னிமீது படையெடுத்தனர். பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர்கள், யானைகளைத் திறையாகக் கொடுத்தும் கொடாதும் நெடுங்காலம் தம் போக்கில் வாழ்ந்தவர்கள். அடர்ந்த காடே அவர்களது அரணாக இருந்தது. ஈராண்டுப் போரின் பின், 1784இல் நாகெல் என்னும் படைத்தலைவன் வன்னியின் நிருவாகியாக அமர்த்தப்பட்டான். 1795இலும் 1796இலும் ஒல்லாந்தரின் உடைமைகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. எசமானர் மாறினரேயன்றி, வன்னியருக்குப் பழைய உரிமை திரும்பவில்லை.

இந்நிலையிலேதான் பண்டாரவன்னியன் வரலாற்றில் தோன்றுகின்றான். அவனை வெறும் வீரன் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. காலமறிந்து செயற்பட்ட அரசியலறிஞனும் ஆவான். 1803 பெப்ரவரியில் கண்டி நகரைப் பிடித்த ஆங்கிலேயர், ஜூன் மாதத்தில் அங்கே தம் படையையே இழந்தனர். கண்டியரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் படைகள் எங்கும் எழுந்த அவ்வேளையில், அவ்வரசனின் துணையோடு வன்னியன் படை திரட்டினான். ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமாயிற்று. அவன் ஆணை வடக்கே ஆனையிறவு வரை பரவிற்று. பிரெஞ்சுத் துணையை நாடிய வாஷிங்டனின் மதிநுட்பத்தை மெச்சும் நாம், கண்டியின் துணையை நாடிய வன்னியனின் மதிநுட்பத்தையும் மெச்சுதல் முறையன்றோ?

ஆயினும் இருவர் விதியும் வேறாயிற்று. 1776இல் நியூயோர்க்கை இழந்து பின்வாங்கிய வாஷிங்டனுக்கு மீண்டும் படை சேர்க்கப் பரந்த நிலமும், எதிரியைப் பிரிக்கும் பெருங்கடலும், பின்னர் பிரெஞ்சுக் கப்பற்படையும் வாய்த்தன. வன்னியனுக்கோ மூன்று திக்கிலும் பகைவரின் கோட்டைகள் இருந்தன. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்றிடங்களிலிருந்தும் படைகள் புறப்பட்டன. மன்னாரிலிருந்து வந்த வொன் டிரிபேர்க் என்பவன், 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் படையை எதிர்பாராது தாக்கி முறியடித்தான்.

ஸ்கந்தபுரத்திலிருந்து மாங்குளம் சென்று, முல்லைத்தீவு வீதியிற் கிழக்கே போவோர் ஒட்டுசுட்டானை அடைவர். கற்சிலைமடு அதனருகே உள்ளது. அங்கே ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டி, வன்னியன் தோற்ற செய்தியையும் நாளையும் தம் மொழியிற் பொறித்தனர். அந்நாளையே அவன் இறந்த நாளாகக் கொள்வோரும் உளர். ஆனால் கல்லிற் பொறித்தது தோற்கடித்த செய்தியேயன்றிக் கொன்ற செய்தியன்று. வென்றவன் எழுதியதையும் ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை துலங்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

நம்மவர் கூறும் கதைகளையும் அவ்வாறே ஆய்தல் வேண்டும். நாட்டுக் கூத்துகளிலும் நாடகங்களிலும் காக்கை வன்னியன் என்பான் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுக்கின்றான். யாழ்ப்பாண வைபவமாலையிலும் காக்கை வன்னியன் ஒருவன் சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுக்கின்றான். சங்கிலி வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுப் போர் நடந்ததோ 1803இல். இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் இரு துரோகிகளுக்கும் ஒரே பெயர்! துரோகத்துக்கு மக்கள் இட்ட பெயர் ஒரு கதையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றிருத்தல் கூடும். இவ்வாறு கூறுவதால் வன்னியன் பெருமை குன்றாது. சான்றுள்ள செய்திகளே அவன் புகழுக்குப் போதியன.

இன்று வவுனியாவில் அவனுக்குச் சிலை உண்டு. ஓகஸ்ட் 25இல் மாலைகளும் விழுகின்றன. நன்று. எனினும் சிலை பேசாது, ஏடே பேசும். நாமோ 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதிகளையும் குடும்பப் படங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் வழியெங்கும் இழந்தோம். எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு. அதுவும் ஆண்டுதோறும் ஒவ்வொருவராக நம்மைவிட்டு நீங்குகின்றது.

ஆதலின் மாணவச் செல்வங்களே! ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் குளத்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது, கோயிலை முதலில் யார் எழுப்பினர், பாட்டனார் எந்த ஆண்டில் காடு வெட்டிக் குடியேறினார் என்று கேட்டெழுதுங்கள். கூறியவர் யார், கூறிய நாள் எது என்பவற்றையும் குறித்திடுங்கள். அவர் கண்டதை ஒரு பக்கத்திலும், கேட்டதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். வாஷிங்டனின் கடிதங்களைப் பேணியவர்களும் இத்தகைய சிறு உழைப்பிலேயே தொடங்கினர். நாளை வன்னியில் பிறக்கும் ஒருவர் தம் ஊரைப் பற்றி அறிய விரும்பும்போது, பிறர் நாட்டிய கல் ஒன்றை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது.