வயிற்றுப்போக்கும் கிரகணியும்: ஆயுர்வேதம் கூறும் நிதானம்

மழைக்காலம் தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளில் வயிற்றுப்போக்குப் பரவுதல் கண்கூடு. நோய் கண்டவுடன் அதனை எவ்வாறேனும் கட்டிவிட வேண்டும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். இவ்வெண்ணம் பல வேளைகளில் தீங்கு பயக்கும். ஆயுர்வேத நூல்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே இதனை எச்சரித்துள்ளன.

உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் ஆற்றலை ஆயுர்வேதம் 'அக்கினி' என்று குறிக்கின்றது. அக்கினி குன்றும்போது உணவு முற்றும் செரியாமல் 'ஆமம்' என்னும் நிலையில் தங்குகின்றது. வயிற்றுப்போக்காகிய அதிசாரத்தை ஆமம் உள்ளது, ஆமம் நீங்கியது எனச் சரக சங்கிதை பிரித்துக் கூறும். ஆமம் உள்ள தொடக்க நிலையில் கட்டும் மருந்து கொடுத்தல் ஆகாது. கொடுப்பின் வயிற்றுப் பொருமல் முதலிய வேறு நோய்கள் தோன்றும் என்பது அதன் கருத்து. இன்றைய மருத்துவமும் குடலின் அசைவைக் குறைக்கும் மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்கின்றது.

மருந்துப் பொருளிலும் இதே நிதானம் வேண்டும். கனிகளுள் பழுத்தனவே சிறந்தவை. வில்வம் மட்டும் இதற்கு விலக்கு என்பது பழைய நூல்களின் துணிபு. அதன் முதிராத காய் துவர்ப்பு மிக்கது. உலர்த்திய துண்டுகள் வயிற்றுப்போக்கில் பயன்படுகின்றன. நன்கு பழுத்த கனியோ மலத்தை இளக்கும். பழத்தையும் காயையும் ஒன்றெனக் கருதுவோர் நோயை வளர்ப்போராவர்.

பழையன யாவும் அவ்வாறே கொள்ளத்தக்கன அல்ல. நீரில் அமிழும் மலம் ஆமம் உள்ளது, மிதப்பது ஆமம் நீங்கியது என்பது பழைய சோதனை. மலம் மிதப்பதற்குக் காரணம் அதனுள் அடங்கிய வாயுவே என்பது 1972ஆம் ஆண்டு ஆய்வால் தெளிவாயிற்று. தொடக்கத்தில் பட்டினியிடும் முறையும் குழந்தைகளுக்குப் பொருந்தாது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது.

வயிற்றுப்போக்கில் உயிரைக் கவர்வது பெரும்பாலும் நீரிழப்பே ஆகும். 1971ஆம் ஆண்டு மேற்கு வங்காள எல்லையிலுள்ள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் குழுவினர் உப்பும் குளுகோசும் கலந்த நீரை வாய்வழி அளித்து இறப்பைப் பெரிதும் குறைத்தனர். அதன் வழிவந்ததே இன்றைய ஓ.ஆர்.எஸ். கரைசல். ஒரு லிட்டருக்கென அமைந்த பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுவதும் கரைத்தல் வேண்டும். ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரையும், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டர் வரையும் சிறுகச் சிறுக ஊட்டலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் 14 நாள் கொடுக்கப்படும்.

அதிசாரம் நின்ற பின்பும், அக்கினி வலுப்பெறுமுன் ஒவ்வாத உணவை உண்போருக்குக் 'கிரகணி' தோன்றும் என்பர். உணவைப் பற்றி நிறுத்தும் உறுப்பின் பெயரே நோய்க்கும் ஆயிற்று. மலம் ஒரு சமயம் இளகியும் ஒரு சமயம் கட்டியும் போதல் இதன் குறி. இதற்குச் சரகர் சிறப்பித்துக் கூறுவது மோர். வயிற்றுப்போக்கிற்குப் பின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் சிலருக்குச் சில காலம் குறையும். தயிராகும்போது நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுவதால் மோர் அவர்களுக்கு எளிதில் ஏற்கும். கொதித்து ஆறிய நீர் கொண்டே மோரைக் கடைதல் நலம்.

மலத்தில் இரத்தம், குழிந்த கண்கள், சோர்வு, சிறுநீர் குறைதல், எதையும் பருக இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு 14 நாள் நீடித்தாலும், வீட்டு மருந்தை நம்பியிராது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும் ஊர்தோறும் உணர்த்த வேண்டுவது இதுவே: முதலில் நீரை ஈடுசெய்க, நோயின் நிலையை அறிக, கட்டும் மருந்துக்கு விரையற்க.