கைச்சுற்று அரைபொறியும் அதன் மரையாணியும்

பெரும்போக மழையோடு மேட்டுநிலத்திற் பயிரிட்ட குரக்கனும் சோளமும் பயறும் வீடு வந்தபின், கையாற் சுற்றும் அரைபொறிக்கு ஓய்வில்லை. ஆயினும், சோளத்திற்குப் பொருத்திய அளவிலேயே மற்றெல்லாவற்றையும் அரைப்போர் பலர். குரக்கன் முழுமணியாக விழும். பழி பொறியின்மேற் சுமத்தப்படும்.

இப்பொறியில் இரண்டு தகடுகள் உள. ஒன்று அசையாதது, மற்றது கைப்பிடியுடன் சுழல்வது. மரையாணியை முறுக்கினால் இவை நெருங்கும், தளர்த்தினால் விலகும். பூட்டுச்சுரை இருப்பின் அதனை இறுக்குதல் வேண்டும். இன்றேல் அரைக்கும்போதே அளவு மாறிவிடும்.

முதலில் தானியம் இடாது, மெல்லச் சுற்றியவாறு மரையாணியை முறுக்குக. தகடுகள் உரசும் ஓசை கேட்டவுடன் நிறுத்திச் சற்றுத் தளர்த்துக. இதுவே மிக நெருங்கிய நிலை. இதிலிருந்து எத்தனை காற்சுற்றுத் தளர்த்தினால் எத்தானியம் நன்கு அரைபடும் என்பது பொறிக்குப் பொறி வேறுபடும். கண்ட அளவைச் சுவரிற் கரியாற் குறித்துவைத்தால் வீட்டில் எவரும் அரைக்கலாம்.

சோளத்தை ஒரே தடவையில் மாவாக்க முயல்வது வீண்பாடு. கைப்பிடி கனக்கும், மா சூடேறும், தகடு தேயும். முதலில் அகல வைத்து, ஒரு மணி மூன்று நான்கு துண்டாக உடையுமாறு அரைக்கவேண்டும். கோழிக்கு வேண்டியதை அந்நிலையிலேயே எடுத்துக்கொண்டு, எஞ்சியதை நெருக்கி மறுமுறை அரைக்கலாம். பயற்றைப் பருப்பாக உடைக்க, இடைவெளி மணியின் பருமனிலும் சிறிது குறைந்திருத்தல் போதும். குரக்கனை மண்ணும் கல்லும் நீங்க அரித்துக் காயவைத்தபின், மிக நெருங்கிய நிலையை அடுத்து வைத்து அரைக்குக. ஈரத் தானியம் தகட்டின் வரிகளில் அப்பிக்கொள்ளும். எண்ணெய் மிகுந்த எள்ளும் நிலக்கடலையும் அவ்வாறே.

வெறும் பொறியை நெருங்கிய நிலையிற் சுற்றுவது பெருந்தவறு. தகடுகள் ஒன்றையொன்று தேய்க்க, இரும்புத்தூள் மாவிற் கலக்கும். குரக்கன் மாவின் கருமை அதனை மறைத்துவிடும். குழந்தையின் கஞ்சிக்கும் அம்மாவே செல்கிறது. ஐயமிருப்பின் பழைய வானொலிப்பெட்டியின் காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றி மாவில் அளைந்து பார்க்கலாம். தானியம் தீருமுன்னரே சுற்றுவதை நிறுத்துவது நன்று.

மிளகாய் அரைத்தபின் ஒருபிடி அரிசியை அரைத்துக் கோழிகளுக்கு இடுக. உறைப்பு அவற்றுக்குத் தெரியாது. மரையாணியை முற்றாக முறுக்கியும் காய்ந்த குரக்கன் உடையாது விழுமாயின், தகடுகள் தேய்ந்துவிட்டன. அப்போது இரண்டையும் சோடியாகவே மாற்றுதல் வேண்டும்.