மாலைக்கண்ணும் நிவாரண அரிசியும்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போனபோது எதை எதைச் சுமந்து போனோம் என்பது எம்மில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். கொஞ்ச அரிசி, இரண்டு சட்டி பானை, பிள்ளைகளின் உடுப்பு, காணி உறுதி. வேலியில் நின்ற முருங்கையையும் கிணற்றடியில் நின்ற பப்பாசியையும் எவரும் சுமந்து போகவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுள் இன்னமும் தம் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு.

விட்டுப்போன அந்த மரங்களைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி ஆகியவை பசியை ஆற்றின. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அரிசியிலும் மாவிலும் சீனியிலும் விற்றமின் ஏ இல்லை. பருப்பில் இருப்பதும் கணக்கில் எடுக்கத் தக்கதல்ல. தோட்டத்தோடு இருந்த குடும்பம் காசு கொடுக்காமல் தின்ற கீரையும் பழமும், கடற்கரையிலிருந்து வந்த மீனும், கூட்டுக்குள் இருந்த முட்டையும் ஒரே நாளில் நின்று போயின. வயிறு நிரம்பியிருக்க உடம்பு வறியதாகும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

விற்றமின் ஏயை எமது உடம்பு ஈரலில் சேமித்து வைக்கிறது. நல்ல விளைச்சலில் மூட்டை கட்டி வைத்த நெல்லை மழை பொய்த்த ஆண்டில் எடுத்துத் தின்பது போல, உணவில் அது குறையும்போது ஈரலில் உள்ளதை எடுத்துச் செலவழிக்கிறது. ஆகவே உணவு மாறிய உடனே ஒரு மாற்றமும் தெரிவதில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தின் செவ்வீல்ட் நகரில் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். மனச்சாட்சியின் பேரில் படையில் சேர மறுத்தவர்களே பெரும்பாலும் அதற்கு முன்வந்தார்கள். 1942 முதல் 1944 வரை நடந்த அந்தப் பரிசோதனையில் 16 பேருக்கு விற்றமின் ஏ இல்லாத உணவு கொடுக்கப்பட்டது. பல மாதங்கள் கடந்த பின்னரும் மூவரிடம் மட்டுமே மங்கல் வெளிச்சத்தில் பார்வை குறைவது தெளிவாகத் தெரிந்தது. நன்றாகத் தின்று வளர்ந்த பெரியவர்களின் ஈரலில் அவ்வளவு சேமிப்பு இருந்திருக்கிறது.

எமது பிள்ளைகளின் நிலை அதுவல்ல. பிறக்கும் குழந்தையின் ஈரலில் இருப்பது மிகச் சிறிதே. தாய்ப்பாலில்தான் அது நிரம்ப வேண்டும். தாயே குறைவாகத் தின்றால் பாலிலும் குறையும். அதன்மேல் வயிற்றோட்டமும் காய்ச்சலும் புழுவும் வந்தால் இருந்த கொஞ்சமும் கரைந்து போகும். பெரியவருக்கு வருடக்கணக்கில் தாங்குவது பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே தீரலாம்.

தீர்ந்தால் முதலில் கெடுவது மாலைப் பார்வை. விழித்திரையில் மங்கல் ஒளியைக் காணும் பொருளை உண்டாக்க விற்றமின் ஏ வேண்டும். அது இல்லாதபோது பகலில் ஓடி விளையாடும் பிள்ளை பொழுதுபட்டதும் ஒரு மூலையில் குந்திக்கொள்ளும். சோற்றுக் கோப்பையைக் கையால் தடவும். வாசற்படியில் தடக்கி விழும். மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத 90களில், ஒரு போத்தல் விளக்கைச் சுற்றிக் குடும்பமே இருந்த கொட்டில்களில், இதை யார் கவனித்திருப்பார்கள்? எல்லோருமே தட்டுத் தடவித்தானே நடந்தார்கள்! ஆகவே பிள்ளைக்கு இருட்டில் கண் தெரிகிறதா என்று கேட்பது சரியான கேள்வியல்ல. அதே மங்கலில் மற்றப் பிள்ளைகள் நடக்கும்போது இந்தப் பிள்ளை மட்டும் தயங்குகிறதா என்று பார்ப்பதே சரி.

அடுத்து வெண்விழி தன் மினுக்கத்தை இழந்து வறளும். கண்ணின் வெளிப்பக்க ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியது போன்ற வெள்ளைத் திட்டு தோன்றலாம். துடைத்தாலும் திரும்ப வரும். இதுவரை வந்தாலும் மருந்துண்டு. கருவிழி மங்கிச் சாம்பல் படர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கருவிழி கரைந்து பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். கண்ணில் தாய்ப்பால் விடுவதும் இலைச்சாறு பிழிவதும் இந்த வேளையில் கூடவே கூடாது.

கண் மட்டுமல்ல. தொண்டை, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்தோலும் இந்தச் சத்தால்தான் ஈரமாகவும் உறுதியாகவும் இருக்கிறது. அது வறண்டால் கிருமிக்குக் கதவு திறந்தது போலாகும். வெளித்தோலும் மாறும். கொழும்பில் பணியாற்றிய வைத்தியர் லூசியஸ் நிக்கொல்ஸ், முழங்கையிலும் தொடையிலும் முள்முள்ளாகச் சொரசொரக்கும் தோலை 1933இல் விவரித்து, தேரைத்தோல் எனப் பொருள்படும் பெயரையும் அதற்கு இட்டார். விற்றமின் ஏ குறைவே காரணம் என்று அவர் கருதினார். வேறு சத்துக் குறைவாலும் அது வரும் என்று இன்று அறிகிறோம்.

யுத்தமும் வர்த்தகமும் இந்த நோயை உண்டாக்குவது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. முதலாம் உலக யுத்தத்தின்போது டென்மார்க் தன் வெண்ணெயை வெளிநாடுகளுக்கு விற்றது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஆடை நீக்கிய பாலும் மாஜரினும் மிஞ்சின. பல பிள்ளைகளின் கண் கெட்டது. புளொக் என்ற வைத்தியர் அதை ஆராய்ந்து எழுதினார். 1917இன் இறுதியில் கடல் முற்றுகையால் ஏற்றுமதி தடைப்பட்டு, வெண்ணெய் பங்கீட்டில் எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் நோய் மறைந்தது. அங்கே முற்றுகை பிள்ளைகளின் கண்ணைக் காத்தது. இங்கே 90களின் பொருளாதாரத் தடையோ மருந்தையும் உரத்தையும் எரிபொருளையும் மறித்தது. விநோதமான ஒப்பீடுதான்.

இலங்கையில் 1995, 1996ஆம் ஆண்டுகளில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வில், பாடசாலைக்குப் போகாத வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் விற்றமின் ஏ குறைவாக இருந்தது. யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் சேரவில்லை. எமது பிள்ளைகள் எண்ணப்படாத ஆண்டுகளே எமது பிள்ளைகள் அதிகம் அலைந்த ஆண்டுகள்.

மாலைக்கண் வந்த பிள்ளை சாதாரண நோய்களாலும் அதிகமாக இறக்கிறது என்பதை அல்பிரட் சொமர் என்ற கண் வைத்தியர் இந்தோனேசியாவில் கண்டார். அங்கே ஆச்சே மாகாணத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விற்றமின் ஏ வழங்கிய கிராமங்களில் பிள்ளை மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1986இல் அறிவித்தார். பின்னர் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 இலட்சம் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் இவ்வளவு பெரிய பயன் தெரியவில்லை. குறைவு எவ்வளவு கடுமையோ, பயனும் அவ்வளவு என்றே நாம் கொள்கிறோம். சின்னமுத்து விடயத்தில் மட்டும் ஐயம் வேண்டாம். சின்னமுத்து ஈரலின் சேமிப்பை வழித்தெடுத்துவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாளும் 2 இலட்சம் அலகு வீதம் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை அதில் பாதி. கொடுப்பது வைத்தியரின் வேலை. கேட்டு வாங்குவது எமது வேலை. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டும் வீட்டின் நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆனால் மீனையும் முட்டையையும் எண்ணெயையும் நிறுத்தும் பத்தியம் அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணுக்கே ஆபத்து.

இனி உணவுக்கு வருவோம். ஒரு சிறு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 மைக்கிரோ கிராம் விற்றமின் ஏ வேண்டும். முருங்கையிலையிலும் பொன்னாங்காணியிலும் இருப்பது நேரடி விற்றமின் ஏ அல்ல, உடம்பு மாற்றிக்கொள்ள வேண்டிய கரோட்டின். முன்னர் ஆறு பங்கு கரோட்டினுக்கு ஒரு பங்கு விற்றமின் ஏ கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். இன்று பன்னிரண்டுக்கு ஒன்று என்கிறார்கள். எனவே ஒரு பிடி கீரை போதும் என்ற பழைய அறிவுரையை நாம் திரும்பச் சொல்ல மாட்டோம். கீரை தினமும் வேண்டும். அதனோடு பப்பாசிப்பழம், பருவத்தில் கறுத்தக்கொழும்பான், மஞ்சட் பூசணி ஏதாவது ஒன்று வேண்டும். முடிந்தபோது முட்டை வேண்டும். ஆட்டீரலில் ஒரு சிறு துண்டு பிள்ளையின் சில நாள் தேவையைத் தந்துவிடும். மாலைக்கண்ணுக்கு ஈரலைச் சுட்டுக் கொடுத்த முன்னோர் விற்றமினை அறியாவிட்டாலும் மருந்தை அறிந்திருந்தார்கள்.

கொழுப்பில்லாமல் கரோட்டின் உடம்பில் சேராது. தேங்காய்ப்பூப் போட்டு முருங்கையிலை வறை செய்வதும், பாலூற்றிச் சொதி வைப்பதும் இதனால்தான் நல்லது. தேங்காய் விலையேறும்போது முதலில் குறைப்பது பிள்ளையின் பங்காக இருக்கக் கூடாது. கீரையை உலர்த்துவதானால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் கரோட்டினை அழித்துவிடும். பனங்களியின் மஞ்சளும் கரோட்டின் இனந்தான், ஆயினும் அந்த இனம் முழுவதும் விற்றமின் ஏ ஆவதில்லை. பனாட்டு நல்ல உணவு, அதையே நம்பியிருக்க வேண்டாம். ஒடியலில் இந்தச் சத்து இல்லை.

பிறர் காணியில் இருப்பவருக்கு மரம் நடுவது சிக்கல். மரம் வைத்தால் உரிமை கேட்பார்கள் என்று காணிக்காரர் அஞ்சுவது எமக்குத் தெரியும். முளைக்கீரைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். பொன்னாங்காணித் தண்டை உரச்சாக்கில் மண் நிரப்பி ஊன்றி, பாத்திரம் கழுவும் தண்ணீரை விட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும். வேறிடம் போகும்போது சாக்கோடு கொண்டு போகலாம். வற்றாளையின் கிழங்கோடு இலையையும் தின்னலாம். உள்ளே செம்மஞ்சளான இனம் கிடைத்தால் அதையே நடுங்கள். முருங்கைத் தடிக்கு மட்டும் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லை வேலியில் கதியாலாக நட்டால் அது அவர் வேலிக்கும் நல்லதுதானே என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் விற்றமின் ஏ கொடுத்த திகதிகளைப் பாருங்கள். இடம் மாறியதால் ஒரு முறை தவறியிருந்தால் இப்போதிருக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். கர்ப்பிணிகள் பெரிய அளவு விற்றமின் ஏ குளிசையைத் தாமாக எடுக்கக் கூடாது, கருவிலிருக்கும் குழந்தைக்குக் கேடு. கீரையாலும் பழத்தாலும் அந்த ஆபத்து இல்லை. கடைசி மாதங்களில் மாலையில் கண் தெரியாமல் போனால், பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் என்று மாமியார் சொன்னாலும், அடுத்த கிளினிக் நாளில் அதை மறக்காமல் சொல்லுங்கள்.