வயிற்றில் ஒரு ஜன்னல்!

சாப்பிட்ட உணவு வயிற்றுக்குள் என்ன ஆகிறது?

200 ஆண்டுகளுக்கு முன்பு, டாக்டர்களுக்குள்ளேயே இதில் தகராறு இருந்தது. "வயிறு உணவை அரைக்கிறது" என்றார்கள் சிலர். "இல்லை, உணவு உள்ளே புளிக்கிறது" என்றார்கள் வேறு சிலர்.

தகராறைத் தீர்க்க உதவியவர் ஒரு படகுத் தொழிலாளி!

துப்பாக்கி வெடித்தது

அமெரிக்காவில் மாக்கினா என்று ஒரு தீவு. அங்கே விலங்குத் தோல் வியாபாரம் நடந்துவந்தது. 1822-ம் ஆண்டு ஜூன் 6-ந்தேதி, கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இடது விலாப்புறம் கிழிந்தது.

ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் விரைந்து வந்தார். "பிழைக்க மாட்டார்" என்றே அவர் நினைத்தார். ஆனால், செயின்ட் மார்ட்டின் பிழைத்துக்கொண்டார். காயம் ஆறியது. இரைப்பையில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவே இல்லை!

பட்டு நூலில் இறைச்சி

1825-ம் ஆண்டில் டாக்டர் சோதனையைத் தொடங்கினார். இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி, ஓட்டை வழியே உள்ளே விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார். ரொட்டியும் முட்டைக்கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது.

பிறகு, இரைப்பையில் ஊறும் நீரைக் குப்பியில் எடுத்தார். உடல் சூட்டில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டார். குப்பிக்குள்ளும் இறைச்சி கரைந்தது! அமிலம் கலந்த அந்த நீர்தான் உணவைக் கரைக்கிறது என்பது தெளிவாயிற்று. 1833-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

உலகம் பாடம் படித்தது. செயின்ட் மார்ட்டினோ பட்டினி கிடந்தும், வேதனைப்பட்டும் சலித்துப்போனார். 1880-ல் அவர் இறந்தபோது, டாக்டர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் மிக ஆழமான குழியில் புதைத்தார்கள்.

பூட்டும் சாவியும்

இந்த அமிலம் இரைப்பையையே கரைத்துவிடாதா? உட்சுவரில் உள்ள வழவழப்பான படலம் அதைக் காக்கிறது. படலம் பழுதுபட்டால் புண் உண்டாகும்.

சோடா உப்பு, சுரந்துவிட்ட அமிலத்தை முறிக்கும். புதிதாகச் சுரப்பதை அது தடுக்காது.

அதைத் தடுக்க வழி கண்டார், பிரிட்டன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக். நம் உடம்பில் 'ஹிஸ்டமின்' என்ற பொருள் உண்டாகிறது. அதை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பைச் சுவரில் அதற்கேற்ற பூட்டுகள் இருக்கின்றன. சாவி பொருந்தினால் அமிலம் சுரக்கும்.

பிளாக் குழுவினர் ஒரு போலிச் சாவியைச் செய்தனர். அது பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவிக்கு இடம் கிடைக்காது. அமிலம் குறையும், புண் ஆறும். அந்த மருந்துதான் சிமெட்டிடின். 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றுள்ள பல மருந்துகள் இந்தப் பூட்டு—சாவி முறையில்தான் வேலை செய்கின்றன.

ஒரு எச்சரிக்கை! வயிற்றுப் புண்ணுக்கு ஒரு வகைக் கிருமியும், வலி மாத்திரைகளும் முக்கிய காரணங்கள். அமிலத்தை மட்டும் குறைத்தால் கிருமி சாகாது. வயிற்று வலி நீடித்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.